கம்பெனி வேனில் ஏறிய ராட்சசன்

என் உடம்பே பட்டாசாகிவிட்டது என்று ஒரு சாயங்காலம் நான் மனதார நம்பினேன். பக்கத்தில் யாராவது பீடி பற்றவைத்தால் போதும், சர்ரென்று மேலே கிளம்பி, ஆமத்தூர்ப் பக்கம் வானத்தில் பச்சையும் சிவப்புமாகப் பூத்து உதிர்ந்துவிடுவேன் என்று கணக்குப் போட்டேன். சின்ன வயதில் நினைத்ததாக இருந்தால் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம். விருதுநகரில் சொந்தமாகப் பாத்திரக்கடை நடத்தி, பிள்ளைகளுக்குத் தகப்பனாகி, முன்தலையில் முடி விடைபெற்றுக்கொண்ட பிறகு நினைத்தது இது.

எல்லாம் சினிமாவால் வந்தது. அதுவும் நல்ல சினிமா இல்லை. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியமானால் கேபிளில் டப்பிங் படம் ஒன்று போடுவார்கள். பாதி பேய், பாதி விஞ்ஞானம். கண்ணாடிக் குடுவைகளில் கலர் தண்ணீர் கொதிக்கும். வெள்ளைக் கோட்டு விஞ்ஞானி செய்யக்கூடாத எதையோ செய்வார். கொஞ்ச நேரத்தில் பாம்புத் தலையும் நண்டுக் காலுமாக ஒன்று வந்து ஊரைத் துவம்சம் செய்யும். எந்தப் படமானாலும் விஞ்ஞானிக்கு ஒரே குரல்தான். அந்தக் குரல்காரரே இருமிக் கொடுத்ததுதான் ராட்சசனின் உறுமல் என்பது என் சந்தேகம்.

இதைப் பார்த்து நான் நடுங்குவேன். தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் முகத்துக்கு ஏற்றிக்கொள்வேன். என் மனைவியின் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பான். "அங்கன பாருங்க மச்சான், முதுகுல ஜிப்பு தெரியுது" என்பான். ஜிப் எனக்கும் தெரியத்தான் செய்தது. அதைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்பதுதான் என் பயமே.

மச்சினன் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் டிசைனராக இருந்தான். காலண்டருக்குக் குழந்தை, மயில், பனிமலை எல்லாவற்றையும் ஒரே தாளில் சண்டை வராமல் உட்காரவைக்கிற வேலை. அவனுக்கு ஆசையெல்லாம் படம் எடுப்பதில். கோடியில் எடுக்கும் படம் இல்லை, ஜிப் தெரிகிற படம். என் மாமனாருக்கு அது பிடிக்கவில்லை. சவூதியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஆள் எடுக்கிறார்கள், விசா தயார், இவன் பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் போதும் என்று ஓர் ஏஜெண்ட் அவரைச் சுற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் வீட்டில் ஒரு பேச்சு முடிவானது. எங்கள் ஊர் கேபிள்காரர் தன்னுடைய லோக்கல் சேனலில் தீபாவளி மதியம் மச்சினன் படத்தைப் போடுகிறேன் என்று சொல்லியிருந்தார். அன்றைக்குப் படம் டிவியில் வந்தால் அவன் இஷ்டம். வராவிட்டால் சவூதி.

கதை அவனுடையதுதான். கரிசல்காட்டில் ஒரு விண்கல் விழுகிறது. அதை எடுத்துவந்து விஞ்ஞானி ஆராய்கிறார். உதவியாளன் அதைத் தொட்டுவிட்டு உடம்பெல்லாம் உலோகமாகிப்போய் ஊரைத் துரத்துகிறான். விஞ்ஞானியாக நடித்தவர் அவனுடைய பிரஸ்ஸில் பைண்டிங் பார்ப்பவர். வெள்ளைக் கோட்டு கிடைக்காததால் சலூனில் முடிவெட்டும்போது போர்த்துகிற துணியைத் திருப்பிக் கட்டிவிட்டோம். பிரஸ்ஸில் பிளேட் போடும் அறைதான் ஆராய்ச்சிக்கூடம். அங்கே இருந்த சிவப்பு விளக்குக்கு நாங்கள் தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை, அதுவே திகிலாக இருந்தது.

உலோக உதவியாளன் நான். ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டேன். என்னை மாதிரிப் பயப்படுகிறவனுக்குத்தான் எங்கே கை நீட்டினால் அடுத்தவன் அலறுவான் என்று தெரியும் என்று விளக்கினான். என் மனைவி சொன்ன காரணம் வேறு. தொப்பையோடு சும்மா வர வேறு ஆள் கிடைக்கவில்லை என்றாள்.

ஞாயிறு ஞாயிறாக எடுத்து ஒரே ஒரு காட்சிதான் மிச்சம். ராட்சசன் புதரிலிருந்து வெளியே வருகிறான், ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடுகிறார்கள். ராட்சசன் இருக்கிறான், ஜனங்களுக்கு எங்கே போவது? தீபாவளி நெருங்கிவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லாம் வியாபாரத்தில் இருந்தார்கள். காமிரா கல்யாண வீடியோ எடுப்பவருடையது. மறுநாள் விடிகாலையில் அவருக்கு முகூர்த்தம், அன்று இருட்டுவதற்குள் காமிரா கைக்கு வராவிட்டால் அப்புறம் சீசன் முடிகிறவரை தரமுடியாது என்று கண்டித்துச் சொல்லியிருந்தார். அப்போதுதான் மச்சினனுக்கு அந்த யோசனை வந்தது. ஜனங்களை ஏன் நாம் கூட்டிவர வேண்டும்? ரோட்டில் தானாகப் போகிற ஜனங்கள் இருக்கிறார்களே. காமிராவைப் புதருக்குள் வைத்துவிட்டு ராட்சசனைத் திடீரென்று விட்டால் நிஜமாகவே ஓடுவார்கள். நடிப்பு சொல்லித்தர வேண்டியதில்லை.

இதில் ஓட்டை எங்கே என்று நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். விருதுநகர்க்காரனான எனக்கு உறைக்கவில்லை. தினமும் சிவகாசியில் வேலை பார்த்த அவனுக்கும் உறைக்கவில்லை.

சாயங்கால அஸர் தொழுதுவிட்டுக் கிளம்பி, தாயில்பட்டி ரோட்டில் சீமைக்கருவை அடர்ந்த ஓரிடத்துக்கு அவனுடைய மொபெட்டில் போய் இறங்கினோம். பழைய பேண்ட்டும் கிழிந்த பனியனும் போட்டு என்னை நிறுத்தினான். சைக்கிள் டியூபில் செய்த வால் ஒன்றைப் பின்னால் கட்டினான். பிறகு ஒரு பாலித்தீன் பையிலிருந்து பளபளவென்று சாம்பல் நிறத்தில் ஒரு பவுடரைக் கொட்டி, தேங்காயெண்ணெயில் குழைத்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை பூசினான். காது மடலைக்கூட விடவில்லை. வெயிலில் கையைத் திருப்பிப் பார்த்தேன். புது எவர்சில்வர் குடம் மாதிரி மின்னினேன். கடைக்காரன் கண்ணுக்கு நல்ல சரக்காகத்தான் தெரிந்தேன்.

"பவுடர் எங்கன வாங்குன மாப்ளே?" என்று சும்மாதான் கேட்டேன்.

"தாயில்பட்டில ஒரு ஆள்ட்டச் சொல்லி வாங்குனேன் மச்சான்" என்று சொல்லிவிட்டு, வெளிச்சம் போகிறது என்று காமிராவைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்புதருக்கு ஓடிவிட்டான்.

தாயில்பட்டியில் ஒரு ஆள். தாயில்பட்டியில் எந்த ஆளிடம் பளபளக்கிற பவுடர் இருக்கும்? அந்தச் சுற்றுவட்டாரமே பட்டாசுக் கம்பெனி. என் கடைக்கு டிபன் பாக்ஸ் வாங்கவரும் தொழிலாளிகள் சொல்லிக் கேள்விப்பட்டதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. உள்ளே போகும்போது உடம்பிலிருக்கிற மின்சாரம் இறங்கச் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டுமாம். நைலான், பாலியெஸ்டர் ஆகாது, பருத்தித் துணிதானாம். செல்போன் கூடவே கூடாதாம். நான் போட்டிருந்தது பாலியெஸ்டர் பேண்ட். அதன் பையில் செங்கல் கனத்துக்கு என் செல்போன். அசையாமல் நின்றேன். தொடையோடு தொடை உரசினால் பொறி கிளம்புமோ என்று காலை அகட்டி நின்றேன். எதிர்ப்புதரிலிருந்து கை ஆடியது. வரச்சொல்கிறான்.

காலை அகட்டியபடியே புதரைவிட்டு வெளியே வந்தேன். வால் வரவில்லை. சீமைக்கருவை முள் அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. இரண்டு கையையும் உயர்த்தி, வயிற்றிலிருந்து ஓர் உறுமல் விட்டேன்.

முதல் ரசிகர் ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஒரு பெரியவர். ஆடுகள்கூட மிரளவில்லை. ஒரு வெள்ளாடு வந்து என் முழங்காலில் தேங்காயெண்ணெயை நக்கத் தொடங்கியது. பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னைக்கும் ஓவர்டைமா?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ரோட்டில் சாயங்காலமானால் உடம்பெல்லாம் பட்டாசுப் பவுடர் படிந்து வெள்ளியாய் மின்னும் தொழிலாளிகள் வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போவது தினப்படி நடக்கிற காரியம். அதுவும் தீபாவளி சீசன், குளித்துவிட்டுக் கிளம்ப நேரமில்லாமல் அப்படியே வருகிற நாட்கள். உலகத்திலேயே எங்கள் ராட்சசன் யாரையும் பயமுறுத்த முடியாத ஒரே ரோட்டைத் தேடிப்பிடித்து நின்றுகொண்டிருந்தோம்.

வருத்தப்பட எனக்கு நேரம் தரவில்லை. பெரியவர் காதிலிருந்து பீடியை எடுத்தார். இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

நான் ஓடினேன். தொடை உரசல், பொறி எல்லாம் மறந்துபோனது. நடுரோட்டில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடியபோது எதிரே ஒரு கம்பெனி வேன் வந்து நின்றது. கையைக் காட்டி நிறுத்துகிறேன் என்று டிரைவர் நினைத்துவிட்டார். தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டை போட்டவர்.

"ஏலே, வேன விட்டுட்டு இங்கன நின்னு கூத்தா காட்டுற? ஏறு, ஏறு" என்றார்.

ஏறியிருக்கக்கூடாது. ஆனால் என் மூளை அந்த நேரத்தில் படுவேகமாக வேலை செய்தது. இந்த ஜில்லாவிலேயே யார் கையிலும் தீப்பெட்டி இருக்காத இடம் எது? பட்டாசுத் தொழிலாளிகள் போகிற வேன். ஏறிவிட்டேன்.

உள்ளே பெண்கள்தான் அதிகம். முழங்கைவரை வெள்ளி, புருவத்தில் வெள்ளி, சிலர் விரல்களில் சாயக் காகிதத்தின் ரோஸ். ஒரு அக்கா நகர்ந்து இடம் விட்டார். எந்தக் கம்பெனி என்று கேட்டார். தலையைப் பொதுவாகத் தெற்குப் பக்கம் ஆட்டினேன். புதுசு போல, முகத்தைக்கூடத் துடைக்கத் தெரியவில்லை என்று அவர் பக்கத்து அக்காவிடம் சொன்னார். ஒருவர் பாதி முறுக்கை உடைத்துக் கையில் வைத்தார். கடித்தால் பல்லோடு பல் உரசுமே என்று அதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தேன். பின்னால் மொபெட்டில், காமிராவைத் துண்டில் சுற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மச்சினன் துரத்தி வந்துகொண்டிருந்தான்.

அப்போது என் செல்போன் அடித்தது.

வேனில் பேச்சு நின்றது. சட்டென்று நின்றது. டிரைவர் ஓரம் கட்டி நிறுத்திவிட்டுத் திரும்பினார். "யாருட்டலே செல்லு இருக்கு?"

அடிப்பதை நிறுத்துகிற அவசரத்தில் பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டேன். என் மனைவியின் குரல் வேன் முழுக்கக் கேட்டது.

"ஏங்க, ஏஜெண்டு வந்து உக்காந்துருக்காரு. தம்பி பாஸ்போர்ட்டை எங்க அத்தா எடுத்துக் குடுத்துட்டாக. படம் எடுத்து முடிஞ்சுச்சா இல்லையான்னு இப்பவே சொல்லணுமாம். முடியலைன்னா நாளைக்கே மெட்ராஸுக்கு அனுப்பிருவாராம்."

"முடிஞ்சிருச்சுன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு அணைத்தேன்.

என் பக்கத்திலிருந்த அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏண்ணே, செல்லோடயா வெடிமருந்து அறைக்குள்ள போயிட்டு வந்தீக?" என்று மெதுவாகக் கேட்டார். கோபமில்லை, உண்மையான பயம். என் உறுமலுக்கும் கைவீச்சுக்கும் அசையாத முகங்கள் எல்லாம் அந்த ஒரு சின்ன மணிச் சத்தத்துக்கு மாறியிருந்தன. அந்த வேனில் தீயைப் பற்றி யாரும் விளையாட்டாக நினைப்பதில்லை என்று எனக்கு அப்போது தெரிந்தது. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நான் கம்பெனி ஆளு இல்லக்கா" என்றேன். "நான் ராட்சசன்."

நான் தொடர்ந்து உளறினேன். படம், விண்கல், மச்சினன், என் மேல் பூசியிருக்கும் பவுடர், பாலியெஸ்டர் பேண்ட், யாரும் என்னைத் தொட வேண்டாம் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். பவுடர் என்றதும் முன்சீட்டில் இருந்தவர்கள் இறங்க எழுந்துவிட்டார்கள். அதற்குள் மொபெட் வந்து சேர்ந்தது. மச்சினன் ஜன்னலில் தலையை விட்டு, என்ன ஆச்சு என்று கேட்டான். நான் சொன்னதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டான்.

"அந்தத் தாயில்பட்டி ஆளு நாடகத்துக்கு மேக்கப் போடுறவரு மச்சான். முத்துவெள்ளையும் அடுப்புக் கரியும் ஜிகினாவும் கலந்து குடுத்தாரு. முகத்துக்குப் போடுறது. அதுவா வெடிக்கும்?"

பின்சீட்டில் யாரோ களுக்கென்றார்கள். அப்புறம் வேன் மொத்தமும் சிரித்தது. இதுவரை பயந்துபோயிருந்த அக்காதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார், முந்தானையால் கண்ணைத் துடைக்க அதிலிருந்த வெள்ளிப் பவுடர் கண்ணுக்குள் போய்விட்டது. நான் முறுக்கைக் கடித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அந்த அக்கா மச்சினனிடம் நேராக விஷயத்துக்கு வந்தார். "படம் முடிஞ்சுச்சா தம்பி?"

இல்லை என்றான். இவரைப் பார்த்து யாரும் ஓடவில்லை என்றான். கண்மாய்க்கு மேலே சூரியன் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான் வெளிச்சம், அதற்கப்புறம் காமிராவும் இல்லை. வீட்டில் படம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லிவிட்டேன் என்பதைக் கேட்டபோது அவன் முகம் போன போக்கைப் பார்த்து நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"ஓடணும், அம்புட்டுத்தான?" என்றார் அக்கா. "காலைலருந்து ஒரே இடத்துல உக்காந்து காலு மரத்துப் போச்சு. இறங்குங்கடி."

எல்லோரும் இறங்கினார்கள். மச்சினன் காமிராவை ஊன்றினான். நான் உறுமினேன். அவர்கள் ஓடினார்கள். நாலு எட்டு ஓடித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மறுபடி எடுத்தான். மறுபடி சிரித்தார்கள். காமிராவின் குட்டித் திரையில் பார்த்தால் இன்னொரு வம்பும் தெரிந்தது. துரத்துகிறவனும் வெள்ளி, ஓடுகிறவர்களும் வெள்ளி. ஒரே கம்பெனி ஆட்கள் ஓட்டப்பந்தயம் வைத்த மாதிரி இருந்தது. வேறு நிறத்தில் ஒருத்தராவது வேண்டும் என்று மச்சினன் முணுமுணுத்தான்.

எல்லோரும் ஒரே சமயத்தில் டிரைவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் அந்த வெள்ளைச் சட்டையோடு வேனில் சாய்ந்து நின்று, நேரமாகிறது, கிளம்புவோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தினமும் காலையில் ஹாரனை அமுக்கித் தெருவையே எழுப்புகிறவர், கை கழுவ ஒரு நிமிஷம் கேட்டால் விட்டுவிட்டுப் போகிறவர் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அந்த நேரத்தில் எனக்கு அதெல்லாம் தெரியாது.

"டிரைவரண்ணே, புதுச் சட்டையா?" என்று கேட்டுக்கொண்டே அக்கா இரண்டு வெள்ளிக் கைகளையும் முன்னால் நீட்டி ஓர் அடி எடுத்து வைத்தார்.

டிரைவருக்கு உடனே புரிந்துவிட்டது. "ஏய், வேணாம்த்தா. இன்னைக்குத்தான் தேச்சுப் போட்டேன். சொன்னாக் கேளுங்க" என்று பின்வாங்கினார். எல்லோரும் கையை நீட்டினார்கள். அவர் ஓடத் தொடங்கினார். நான் உறுமிக்கொண்டு பின்னால் ஓடினேன், ஆனால் ராட்சசர் கூட்டத்தில் நான் கடைசியாகத்தான் வந்தேன், தொப்பை அப்படி. ரோட்டைவிட்டு இறங்கி, சோளத்தட்டைக்குள் புகுந்து, மறுபடி ரோட்டேறி அவர் ஓடிய ஓட்டத்தை மச்சினன் மூச்சுவிடாமல் எடுத்தான். அந்த மனிதர் திரும்பித் திரும்பிப் பார்த்த பார்வையில் இருந்த பீதி சத்தியமாக நடிப்பு இல்லை. இருட்டுமுன் சட்டையில் பதினைந்து இருபது கை பதிந்துவிட்டது.

கதையை மச்சினன் ராவோடு ராவாக மாற்றிவிட்டான். உலோகமானது உதவியாளன் மட்டுமில்லை, ஊரே உலோகமாகிவிட்டது, மிச்சமிருக்கும் ஒரே மனிதனைத் துரத்துகிறது. இதற்கு முன்பு எடுத்ததில் எதையும் மாற்றவேண்டி வரவில்லை. விஞ்ஞானியின் குரலில் ஒரே ஒரு வசனம் சேர்த்தான்.

தீபாவளி மதியம், நாங்கள் எல்லோரும் மாமனார் வீட்டு டிவி முன் உட்கார்ந்தோம். நான் தலையணை எடுத்துக்கொள்ளவில்லை, என்னைப் பார்த்து நானே பயப்படுவது அசிங்கம் என்பதால். படம் ஓடியது. நான் புதரிலிருந்து வெளியே வந்து உறுமியபோது வெள்ளாடு வந்து முழங்காலை நக்கியதையும் பாவி வெட்டாமல் அப்படியே வைத்திருந்தான். என் பிள்ளைகள் தரையில் புரண்டார்கள். மாமனார் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் பார்த்தார். வெள்ளைச் சட்டை சோளத்தட்டைக்குள் பாய்ந்தபோது மட்டும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"ஓடுறானே, அவன் யாருடா?" என்று கேட்டார். "நல்லா நடிக்கிறான்."

மச்சினன் எட்டி டிவி சத்தத்தைக் கூட்டினான்.

தாயில்பட்டிப் பக்கத்திலிருந்து போன் மேல் போன் வந்ததாகச் சொல்லி, அன்று சாயங்காலமே கேபிள்காரர் படத்தை இன்னொரு தடவை போட்டார். யாரும் பயப்படவில்லை. பட்டாசுக் கடைக்காரர்கள் இந்தப் பையனை வைத்து விளம்பரம் எடுக்கமுடியுமா என்று அவரிடம் கேட்டார்கள். அந்த வார வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து மாமனார் நேராக ஏஜெண்ட் வீட்டுக்குப் போய்ப் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிவந்தார். மச்சினன் சவூதி போகவில்லை. பொங்கலுக்குள் அந்த லோக்கல் சேனலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.